ஹாஃப்லிங்கின் வயிறும் உடல்வலுவும்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. விடுமுறையில் பிள்ளைகளுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டத்தை நடத்தப்போகிறாய் என்பதும், மூத்தவள் ஸ்டௌட் வகை ஹாஃப்லிங் (குள்ள இனத்து ஆள்) ஒருத்தியை, ரோக் (கள்வர்) பாத்திரமாக எடுத்திருக்கிறாள் என்பதும் மகிழ்ச்சி. ஹாஃப்லிங் என்றால் எந்நேரமும் தின்றுகொண்டே இருக்கிற ஆள்தானே என்று கேட்டிருந்தாய். அவர்கள் பசியை வெறும் சிரிப்புக்கு விட்டுவிடாதே. விதிகளைப் படித்தால் அதற்குக் கணக்கே இருக்கிறது.

ஆட்டத்தின் 2014 பதிப்பு விதிப்படி ஹாஃப்லிங்குக்கு உயரம் 3 அடி, எடை ஏறக்குறைய 40 பவுண்டு. ஆனால் ஒரு நாளைக்குத் தேவை 1 பவுண்டு உணவு, 1 காலன் தண்ணீர். நான்கு மடங்கு எடையுள்ள மனிதப் போர்வீரனுக்கும் அதே அளவுதான். உயிரியலில் கிளைபர் 1932-இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: ஓய்வில் உடல் எரிக்கும் சக்தி, எடையின் 0.75 அடுக்குக்கு ஏற்பக் கூடும். அதன்படி 18 கிலோ உடம்புக்கு 70 கிலோ ஆள் சாப்பிடுவதில் 36 சதவீதம் போதும். விதி முழுப் பவுண்டும் கேட்கிறது. ஆக, தேவையைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தின்கிறது அந்தக் குட்டி உடம்பு! 2003-இல் வந்த 3.5 பதிப்பில் சிறிய ஆட்களுக்குப் பாதி உணவு போதும், அவர்களுக்கான ரேஷன் பொட்டலமும் கால் எடைதான். உடம்புக்கு அதுவே பொருத்தம். ஆனால் ஆட்டத்துக்கு 2014 கணக்குதான் எனக்குப் பிடிக்கிறது, ஏனென்றால் அதில் பசி ஒரு சுமையாக முதுகில் ஏறுகிறது.

எப்படி என்று பார். ஒரு நாள் ரேஷன் பொட்டலம் 2 பவுண்டு எடை, விலை 5 வெள்ளிக்காசு. பத்து நாள் பயணத்துக்கு 20 பவுண்டு, 5 தங்கக்காசு. முதுகுப்பை 5, படுக்கைச் சுருள் 7, தோல் கவசம் 10, குட்டை வாள் 2. தண்ணீர்ப்பையில்தான் எல்லோரும் தவறுகிறார்கள்: ஒரு பையில் அரை காலன்தான் பிடிக்கும், எனவே இரண்டு வேண்டும், நிரப்பினால் ஒன்று 5 பவுண்டு. மொத்தம் 54. உன் மகளின் பாத்திரத்துக்கு ஸ்ட்ரெங்த் (தசைபலம்) 8 என்று எழுதியிருக்கிறாய். சுமைக்கான மாற்று விதியை எடுத்துக்கொண்டால் 40 பவுண்டைத் தாண்டியதும் வேகம் 25 அடியிலிருந்து 15 ஆகிவிடும். ஏழு நாள் சாப்பாடு தீர்ந்த பிறகுதான் அவளால் பழையபடி நடக்க முடியும். ஒரு கோவேறு கழுதை வாங்கச் சொல். 8 தங்கம், 420 பவுண்டு சுமக்கும். அதற்கும் தினம் 10 பவுண்டு தீவனம் வேண்டும் என்பதை மறக்காதே.

இனி உடல்வலு. இங்கேதான் பெரிய குழப்பம். ஸ்டௌட் வகைக்குக் கிடைப்பது கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) எண்ணில் 1 கூடுதல், விஷத்துக்கு எதிரான சேவிங் த்ரோவில் (தப்பிக்க உருட்டும் 20 முகப் பகடையில்) அட்வான்டேஜ் (இருமுறை உருட்டி நல்லதை எடுப்பது), விஷச் சேதத்தில் பாதி. அவ்வளவே. நோய்க்கு இல்லை, பசிக்கு இல்லை. ராட்சதச் சிலந்தி கடித்தால் உருட்டல் எட்ட வேண்டிய இலக்கு 11. கான்ஸ்டிட்யூஷன் 14 என்றால் உருட்டலில் +2 சேரும்; அதே எண் உள்ள மற்றவர்கள் 40 சதவீதம் தோற்பார்கள், அவள் 16 சதவீதம்தான். பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டும் அதிர்ஷ்டமும் சேர்ந்தால் அது இன்னும் குறையும். 1978 பதிப்பிலேயே கான்ஸ்டிட்யூஷனைப் பொறுத்து விஷத்துக்கும் மந்திரத்துக்கும் எதிராக இவர்களுக்குச் சலுகை இருந்தது; குணம் பழையதுதான்.

பட்டினிக்குப் பகடையே கிடையாது. 3 நாளோடு கான்ஸ்டிட்யூஷன் தரும் கூடுதலை (14-க்கு +2) கூட்டு: அவளுக்கு 5 நாள். அதன்பின் ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு சோர்வு நிலை, ஆறாவதில் சாவு. அரைச் சாப்பாடு சாப்பிட்ட நாள் அரை நாள் பட்டினியாகக் கணக்காகும், ஆக 10 நாள் தாங்குவாள். உருட்டல் இல்லாததால் அதிர்ஷ்டம் இங்கே உதவாது. தண்ணீர் வேறு மாதிரி: அரை அளவு குடித்தால் இலக்கு 15-க்கு உருட்ட வேண்டும், அங்கே 1 விழுந்தால் அதிர்ஷ்டம் கைகொடுக்கும். அதற்கும் குறைந்தால் உருட்டலே இல்லை, நேரே சோர்வு. ஏற்கெனவே சோர்வு இருந்தால் ஒரேயடியாக இரண்டு நிலை. வெயில் பிரதேசத்தில் 2 காலன் தேவை என்பதால் பயணங்கள் பெரும்பாலும் தண்ணீரில்தான் கெடும், சோற்றில் அல்ல.

அவள் பசியைக் குழுவுக்குப் பயனுள்ளதாக்க ஒரு வழி உண்டு. சமையல் கருவிகள் 1 தங்கம், 8 பவுண்டு. கழுதை மேல் ஏற்று. 2017-இல் வந்த கூடுதல் விதிநூல்படி, அவற்றில் பயிற்சி உள்ளவள் குறுகிய ஓய்வில் சமைத்தால், தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் செலவழிக்கும் ஒவ்வொரு ஹிட் டைஸுக்கும் (காயம் ஆற உருட்டும் பகடை) 1 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) கூடக் கிடைக்கும். வயிற்றுக்கு வஞ்சனை செய்யாத ஆள் குழுவில் இருப்பதன் அருமை அப்போது மற்ற பிள்ளைகளுக்கும் தெரியும்.

2024 பதிப்பை வாங்கிவிடாதே. அதில் ஸ்டௌட் கிளையே இல்லை. பயணம் எத்தனை நாள், எந்த நிலம் என்று எழுது. கழுதைத் தீவனம் உட்பட மொத்தக் கணக்கும் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
கணேசன்