யூசிஎல்ஏ: நெட்டையர்கள் வருவதற்கு முன்பே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தீர்ந்து மறுபடி பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறாய் என்று படித்ததில் நிம்மதி. ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியான யூசிஎல்ஏ 12 ஆண்டுகளில் 10 முறை தேசிய சாம்பியன் ஆனதற்கு ஆல்சிண்டர், வால்டன் என்ற இரண்டு நெட்டையர்கள்தான் காரணம் என்று எழுதியிருக்கிறாயே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கணக்குப் போட்டுப் பார். ஆல்சிண்டர் காலத்தில் 1967, 68, 69. வால்டன் காலத்தில் 1972, 73. மீதி ஐந்து பட்டங்கள், அதாவது 1964, 65, 70, 71, 75, இருவருமே இல்லாமல் வந்தவை.

நீ பார்க்க வேண்டியது 1964 அணியை. யூசிஎல்ஏ கூடைப்பந்து ஆடத் தொடங்கியது 1919இல். பயிற்சியாளர் ஜான் வுடன் 1948இல் பொறுப்பேற்றும் 15 சீசன்கள் பட்டம் இல்லாமலே ஓடிவிட்டன. ஒழுங்கான அரங்கம்கூடக் கிடையாது. பழைய ஜிம்மில் கூட்டத்துக்குத் தீயணைப்புத் துறை வரம்பு போட்டுவிட்டதால், சொந்த ஊர் ஆட்டங்களையே வேறு வேறு அரங்குகளில் ஆடினார்கள். அவர்களுடைய புது அரங்கமான பாலி பெவிலியன் 1965இல்தான் திறந்தது. அதற்குள் இரண்டு பட்டங்கள் வந்துவிட்டன!

1964 அணியின் முதல் ஐவரில் 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டியவர் ஒருவர் இல்லை. இறுதியாட்டத்தில் எதிரே நின்ற டியூக் அணியில் 6 அடி 10 அங்குலத்தில் இரண்டு பேர். முதல் பாதியில் டியூக் 30-27 என்று முன்னால் இருந்தது. அடுத்த இரண்டரை நிமிடத்தில் யூசிஎல்ஏ வரிசையாக 16 புள்ளிகள் எடுத்தது, டியூக்குக்கு ஒன்றுகூட இல்லை. முடிவு 98-83. உதிரி ஆட்டக்காரராக வந்த கென்னி வாஷிங்டன் மட்டும் 26 புள்ளிகள். 30 ஆட்டம், 30 வெற்றி.

இதைச் செய்தது 2-2-1 ஸோன் பிரஸ், அதாவது ஆளுக்கு ஓர் இடமாகக் களத்தைப் பிரித்துக்கொண்டு, எதிரணி பந்தை எடுத்ததுமே நெருக்குகிற தடுப்பாட்டம். துணைப் பயிற்சியாளர் ஜெரி நார்மன் வற்புறுத்திக் கொண்டுவந்தது. முன்வரிசையில் குட்ரிச்சும் ஸ்லாட்டரும், நடுவில் ஹஸார்டும் ஹெர்ஷும், கடைசியில் தனியாளாக எரிக்சன். உன் பையன்களுக்குச் சொல்லித்தருவதானால் இந்த வரிசையில் போ. நம் அணி கூடை போட்டதும் அவரவர் இடத்துக்கு ஓட வேண்டும். பேஸ்லைனிலிருந்து (கூடைக்குப் பின்னால் இருக்கும் கோடு) வரும் முதல் பாஸைத் தடுக்காதே, மூலைப் பக்கமாக வாங்கிக்கொள்ளட்டும். பந்து வாங்கியவனை நடுவே வர விடாமல் சைடுலைன் ஓரமாகவே டிரிபிள் செய்ய, அதாவது பந்தைத் தரையில் தட்டியபடி ஓட, வை. அவன் டிரிபிளை நிறுத்துகிற இடத்தில் முன்வரிசை ஆளும் அந்தப் பக்கத்து நடுவரிசை ஆளும் சேர்ந்து மறிக்க வேண்டும். கை மேலேதான் இருக்கணும், பந்தைத் தட்டப் போகக் கூடாது. மாட்டிக்கொண்டவன் தலைக்கு மேலே தூக்கித்தான் பாஸ் போட முடியும். அது மெதுவாக மிதந்து வரும், பின்னால் இருப்பவன் அதைத்தான் பறிக்கிறான். எரிக்சன் அதே 1964இல் ஒலிம்பிக்கில் வாலிபால் ஆடியவர். காற்றில் வரும் பந்தைக் கணிப்பதில் அவருக்கு ஈடு கிடையாது.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். மறிக்கப் போன இருவருக்கும் நடுவில் இடைவெளி விட்டால் அதன் வழியே நடுவில் நிற்பவனுக்குப் பாஸ் போய்விடும். அங்கிருந்து எதிர்ப்பக்க ஓரத்துக்கு இன்னொரு பாஸ், பிறகு கடைசி ஆள்மேல் இரண்டு பேர் பாய்வார்கள், கூடைக்கு அடியிலேயே சுலபமாகப் போடும் லே-அப்தான். இன்னொன்று, அவசரப்பட்டுக் கையை நீட்டி வாங்கும் ஃபவுல். பந்தைப் பறித்தே ஆகணும் என்று நினைக்கிற பையன்தான் இரண்டையும் செய்வான். வுடனுக்கு வேண்டியது எதிரணியை அவசரப்படுத்துவது, அவ்வளவுதான். அப்படி ஓடவிட்டால் தவறு தானாக வரும், அரை மணி கழித்து வந்தாலும் சரி. அப்போது ஷாட் கிளாக், அதாவது இத்தனை நொடிக்குள் கூடைக்கு எறிய வேண்டும் என்ற கெடு, கிடையாது, பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆட்டத்தை இழுக்கலாம். அப்படி இழுக்கப் பார்த்த அணிகளைத்தான் இந்தப் பிரஸ் ஓடவைத்தது.

இதற்கு மூச்சு வேண்டும். வுடனின் பயிற்சி சுமார் இரண்டு மணி நேரம்தான், ஆனால் 3-க்கு-5 அங்குல அட்டையில் நிமிடக் கணக்காக எழுதப்பட்டிருக்கும். சீசனின் முதல் பாடம் சாக்ஸ் போடுவது. விரலிலும் குதிகாலிலும் ஒரு சுருக்கம் இல்லாமல் நீவிவிட்ட பிறகுதான் ஷூ. சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் ஆள் இல்லை. 1974-75 சீசனில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 15 பயிற்சிகளை உட்கார்ந்து கவனித்தார்கள். அவர் செய்ததும் சொன்னதுமாக 2,326 குறித்தார்கள். அதில் பாதிக்கு மேல் வெறும் செய்முறைக் குறிப்பு, பாராட்டு 7 சதவீதத்தைத் தொடவில்லை. சத்தம் போடுவதுதான் பயிற்சி என்று நினைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நெட்டையர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. 1973 இறுதியாட்டத்தில் வால்டன் 22 முறை எறிந்து 21 கூடை, 44 புள்ளிகள். யார் மறுக்க முடியும்? ஆனால் 88 தொடர் வெற்றிகள் எப்படி முறிந்தன என்று பார். 1974 ஜனவரி 19, எதிரணியான நாட்டர் டேமின் அரங்கம். 3 நிமிடம் 22 நொடி மிச்சம், 70-59 என்று முன்னிலை, வால்டனும் களத்தில். அதற்குமேல் யூசிஎல்ஏ ஒரு புள்ளி எடுக்கவில்லை. நாட்டர் டேம் பிரஸ் போட்டுத் தொடர்ந்து 12 புள்ளிகள் எடுத்தது, கடைசிக் கூடை 29 நொடி இருக்கையில். 71-70. வுடனுக்கு டைம்-அவுட் கேட்பது பிடிக்காது, தன் ஆட்களின் மூச்சுப்பலத்தில் அவ்வளவு நம்பிக்கை. அன்று ஒன்று கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

1975 பட்டத்தோடு அவர் விலகினார். பிறகு 1980இல் இறுதியாட்டம் வரை போனார்கள், லூயிவில்லிடம் தோற்றார்கள். விதிமீறல் என்று அந்த இடமும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பதினோராவது பட்டம் 1995இல், ஜிம் ஹாரிக் பயிற்சியில். அந்தத் தொடரில் மிசௌரிக்கு எதிராக 4.8 நொடி மிச்சமிருக்கையில் டைஸ் எட்னி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை டிரிபிள் செய்து கூடை போட்டார், 75-74. வழியில் அவரை ஓரத்துக்குத் தள்ளி நிறுத்த யாராலும் முடியவில்லை. அந்த ஒரு ஓட்டத்தைப் பையன்களுக்குப் போட்டுக் காட்டு, ஓரம் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று புரியும்.

இப்போது ஷாட் கிளாக் 30 நொடி. பிரஸ்ஸைத் தாண்டி வரவே எட்டு ஒன்பது நொடி போய்விட்டால் மிச்சம் 21 தான். பந்தைப் பறிக்காமலே பலன் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இப்போது எல்லா உயரத்து ஆட்களும் டிரிபிள் செய்கிறார்களே, நடுவில் நிற்பவனை எப்படி அடைப்பது? உன் யோசனையை எழுது.

அன்புடன்,
முரளி