மதிய இடைவேளையில் கவுன்சலிங் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஆன்லைன் மனநல ஆலோசனை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வேலையில் வெந்து நொந்துபோனவர்களுக்கும், விவாகரத்து, பணி ஓய்வு, புது ஊர் என்று வாழ்க்கை திசை மாறுகிற கட்டத்தில் நிற்பவர்களுக்கும் இது கைகொடுக்கும் என்று எழுதியிருந்தார்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை, நானே அப்படிப் பலன் பெற்றவள்தான். ஆனால் கட்டுரை முழுக்க ஒரே பாட்டு: அலைச்சல் மிச்சம், நேரம் மிச்சம், மதிய இடைவேளையிலேயே முடித்துக்கொள்ளலாம். மிச்சமாகும் அந்த நேரம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று ஒரு வரியாவது கேட்டிருக்கலாம் இல்லையா?

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஊழியர்களுக்கு இலவச ஆன்லைன் கவுன்சலிங் என்று அறிவித்தார்கள். நல்ல விஷயம்தான், நானும் பதிவு செய்தேன். காலண்டரில் இரண்டு மீட்டிங்குக்கு நடுவே ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதில் போட்டுக்கொண்டேன். அதே நாற்காலி, அதே திரை, காதில் அதே ஹெட்போன். தொண்டை அடைத்து ஒரு வார்த்தையும் வராமல் உட்கார்ந்திருக்கும்போது திரையின் மூலையில் "அந்த ஷீட் எப்போ வரும்?" என்று ஒரு செய்தி எட்டிப் பார்க்கும். ஆலோசகர் விடைபெற்ற அடுத்த நிமிடமே நான் இன்னொரு மீட்டிங்கில் குட் ஆஃப்டர்நூன் சொல்லிக்கொண்டிருப்பேன், மூக்கு இன்னும் சிவந்திருக்கும் என்பதால் கேமராவை மட்டும் அணைத்துவிட்டு. நேரில் போகிறவர்களுக்குப் போகவர ஆகும் நேரம் வீண் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகும் வழியில் எதைப் பேசுவது என்று மனசு ஒழுங்காகிறது, திரும்பும் வழியில் பேசியது உள்ளே இறங்குகிறது. ஆன்லைனில் அந்த இரண்டையும் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், முன்னாலும் பின்னாலும் கொஞ்ச நேரம் வேறு எதையும் வைக்காமல், முடிந்தால் வேலை செய்யும் மேஜையை விட்டு எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து, நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு. திரையில் நம் முகமே நமக்குத் தெரிவதையும் மறைத்துவிடலாம், அழுகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே யாரால் அழ முடியும்?

அப்புறம் இன்னொன்று. வேலையில் வெந்து நொந்துபோகும் பர்ன்அவுட்டையும் வாழ்க்கை மாற்றத்தையும் கட்டுரை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் சொன்னது. பணியிடத்தின் நாள்பட்ட அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது, அதற்கு அடையாளம் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது அதன்மேல் கசப்பு, வேலையைச் செய்து முடிக்கும் திறன் குறைந்ததாக உணர்வது. கையாள வேண்டியது யார் என்பதுதான் கேள்வி. இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் இருவரும் ஆறு விஷயங்களைச் சொல்கிறார்கள்: வேலைப் பளு, தன் வேலைமேல் தனக்குள்ள அதிகாரம், உழைப்புக்குக் கிடைக்கும் பலன், உடன் வேலை செய்வோருடனான உறவு, நியாயம், நம் கொள்கையும் வேலையிடத்தின் கொள்கையும் ஒத்துப்போவது. இந்த ஆறில் எதைக் கவுன்சலிங்கில் சொல்லித்தரும் மூச்சுப் பயிற்சி சரிசெய்யும் என்று எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை.

எனக்கு வாய்த்த ஆலோசகர் கெட்டிக்காரர். நேரத்தை மாற்றி, வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொன்னார். மூச்சை இழுத்து விடச் சொல்லவில்லை, நான் செய்யும் வேலைகளில் எதெல்லாம் என்னுடையதே இல்லை என்று எழுதச் சொன்னார். பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது. மேலாளருக்கு எழுத வேண்டிய மெயிலையும் அங்கேயே, திரையைப் பகிரச் சொல்லி, எழுத வைத்தார். தொட்டதற்கெல்லாம் "மன்னிக்கவும்" போட்டிருந்தேன், ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னார். ஆன்லைன் என்பதன் உண்மையான லாபம் அந்த மாதிரி இடத்தில் இருக்கிறது, பிரச்சினை கிடக்கும் திரையிலேயே உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்க்கலாம்.

வாழ்க்கை மாற்றம் வேறு கதை. 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு மனநல ஆய்வாளர்கள் வாழ்க்கையில் நடக்கும் 43 நிகழ்வுகள் ஒவ்வொன்றும் எவ்வளவு அழுத்தம் தரும் என்று மதிப்பெண் போட்டு ஓர் அளவுகோல் தயாரித்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, விவாகரத்துக்கு 73, இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். திருமணத்துக்கு 50, பணி ஓய்வுக்கு 45, பெரிய சாதனை செய்தால்கூட 28! நல்லது நடந்தாலும் மனசு ஆட்டம் காணும் என்பதை அப்போதே கணக்கில் எடுத்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு வீட்டை விட்டு நகர முடியாதவர், பாஷை தெரியாத ஊருக்குக் குடிபெயர்ந்தவர், இவர்களுக்கெல்லாம் தாய்மொழியில் பேசும் ஒருவர் போனிலேயே கிடைப்பது பெரிய வரம். மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் ஆலோசகர் துணையோடு இணையவழியில் தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்குவது), நேரில் தருவதற்கு ஏறத்தாழ சமமான பலன் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. துணைக்கு ஆள் இல்லாமல் வெறும் ஆப்பை மட்டும் நம்பி ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம் பாதியில் விடுகிறார்கள்.

கட்டுரையில் விட்டுப்போனதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே "இப்போது எங்கே இருக்கிறீர்கள், அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும்" என்று ஆலோசகர் கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கேட்காதவரைக் கண்டுதான் யோசிக்க வேண்டும், திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரால் நம் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்களோ, அடிக்கிற ஆளோடு ஒரே வீட்டில் இருப்பவர்களோ வீடியோ காலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, நேரில் உதவி வேண்டும். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரிச் சோர்வு வரும், அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை முதலில். ரகசியம் காப்பதையும் சும்மா நம்பிவிட முடியாது. பயனர்களின் மனநலத் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் முதலிய நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக ஒரு பெரிய ஆன்லைன் சிகிச்சை நிறுவனத்தின் மேல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2023-இல் அது 78 லட்சம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது. பதிவு செய்யும்போது கேட்கிற நீளமான கேள்விப் பட்டியலை நிரப்புமுன் அது எங்கே போகும் என்று படித்துப் பாருங்கள்.

இந்தத் தலைப்பில் அடுத்து எழுதினால் ஒரு வேலை செய்யுங்கள். ஊழியர்களுக்கு இலவச கவுன்சலிங் தருகிறோம் என்று பெருமையாகச் சொல்லும் நிறுவனங்களிடம், எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதற்குப் பிறகு யாருடைய வேலைப் பளுவைக் குறைத்தீர்கள், அந்த ஒரு மணி நேரம் வேலை நேரத்தில் சேருமா சேராதா என்றும் கேட்டு, அவர்கள் சொல்கிற பதிலை அப்படியே போடுங்கள். பதில் சொல்ல மறுத்தால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி