செயலாளர் ஆண்டறிக்கை: படத்துக்குக் கீழே யார் பெயர்?

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், கூடலூர், பந்தலூர், மஞ்சூர் என்று மூலைக்கொருவராக பஸ் பிடித்து உதகை வந்து சேர்ந்திருக்கும் நம் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்களின் விவரம் மினிட் புத்தகத்தில் இருக்கிறது. இந்த ஆண்டு எந்தக் கூட்டத்தில் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் பைலைனில்தான், அதாவது படத்தோடு அச்சாகும் பெயரில்தான், வந்து நின்றது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படம் வந்திருக்கும், எடுத்தவர் பெயர் இருக்காது. "நமது நிருபர்" என்றிருக்கும், அல்லது செய்தி எழுதிய ஆண் நிருபரின் பெயரே படத்துக்கும் சேர்ந்திருக்கும். பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் தயாரிக்கும் டெஸ்க்கின் அலட்சியம் ஒரு காரணம். நம் பக்கத் தவறும் உண்டு. வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாகவே அனுப்பினால் அது சுருங்குவதோடு, கோப்புக்குள் பதிந்திருக்கும் பெயர், தேதி, படக்குறிப்பு எல்லாம் உதிர்ந்துவிடும். டெஸ்க்குக்குப் போய்ச் சேருவது அப்பன் பேர் தெரியாத படம். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் எதுவும் உதிராது. முதல் வேலையாக, கேமரா மெனுவில் காப்பிரைட் பகுதிக்குப் போய் உங்கள் பெயரை ஒருமுறை ஏற்றிவிடுங்கள், அதன்பின் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அது தானாகப் பதியும். அடுத்து, அனுப்பும் முன் படக்குறிப்பில் யார், எங்கே, எப்போது என்பதோடு கடைசி வரியாகப் "படம்:" என்று போட்டு உங்கள் பெயரை எழுதுங்கள். நீளப் பக்கம் 2000 பிக்சல், தரம் 80 வைத்தால் பெரும்பாலான படங்கள் 1 எம்.பி.யை ஒட்டி அடங்கிவிடும். கெத்தை, முள்ளி பக்கம் ஒற்றைப் புள்ளி சிக்னலிலும் மெல்ல ஏறிவிடும்.

இது புதிய நோய் அல்ல. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவல்லாவின் (1913–2012) தொடக்ககாலப் படங்கள் கணவர் மானெக்‌ஷாவின் பெயரில்தான் அச்சாயின. பிறகு 'டால்டா 13' என்ற புனைபெயரில் வந்தன. பத்ம விபூஷண் கிடைத்தது 2011இல், அவருடைய 97ஆம் வயதில். உலக அளவிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ அமைப்பு 2015இல் 100க்கும் மேற்பட்ட நாடுகளின் செய்திப் புகைப்படக்காரர்களிடம் எடுத்த கணக்கில், பதில் சொன்னவர்களில் 85 விழுக்காடு ஆண்கள்.

சட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, பணம் தருவதாகச் சொல்லி ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். நீங்களாகப் போய் எடுத்து விற்றால் உரிமை உங்களுடையது. ஆகவே அசைன்மென்ட் வந்ததும் "ஒரு முறை வெளியிட மட்டும்" என்று பதில் செய்தியில் ஒரு வரி எழுதி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். உரிமை கைமாறினாலும், எடுத்தவர் நான் என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும்.

அடுத்தது இரவு வேலை. கூடலூர், பந்தலூரில் யானை ஊருக்குள் வருவது பெரும்பாலும் இருட்டியபின். மண் சரிவதும் நேரம் பார்த்துச் சரிவதில்லை. "பொண்ணுங்களுக்கு எதுக்குங்க ரிஸ்க்" என்று அந்த வேலைகள் ஆண்களுக்குப் போகின்றன, மலர்க்கண்காட்சியும் பள்ளி ஆண்டு விழாவும் நமக்கு வருகின்றன. முதல் பக்கம் ஏறுவது யானைப் படம். ரேட் கூட்டிக் கேட்கப் போனால், "முதல் பக்கப் படம் எத்தனை வந்திருக்கு?" என்கிறார்கள். அக்கறை என்று சொல்லித்தான் வேலையைப் பறிக்கிறார்கள். பாதுகாப்பு வேண்டும் என்றால் வண்டி கொடுங்கள் என்பதே நம் கோரிக்கை. அது வரும்வரை நம் ஏற்பாடு இது: இரவு வேலைக்கு இருவராக, நான்கு சக்கர வண்டியில் போக வேண்டும். வண்டியைத் திரும்பும் திசை பார்த்து நிறுத்த வேண்டும். யானைக்கு முன் ஃபிளாஷ் கூடவே கூடாது. மணிக்கு ஒரு முறை பொறுப்பாளருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். முதுமலை தாண்டிப் போகிறவர்கள், பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) பற்றிப் பலமுறை பேசிவிட்டோம். மறக்கக் கூடாதவை மட்டும் இங்கே. வேலை நிமித்தம் போகும் இடமும் நிறுவனம் தரும் வண்டியும் பணியிடமே. தற்காலிகப் பணியாளரும் தினக்கூலியும் அதில் அடக்கம். பத்துப் பேருக்குக் குறைந்த அலுவலகம் என்றால் புகார் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள், ஆறு பிரதிகளாகக் கொடுக்க வேண்டும். நிரந்தர வேலை இல்லாமல் படத்துக்குப் பணம் பெறும் ஸ்ட்ரிங்கர்களுக்கு நியமன ஆணை இருக்காது என்பதால், அசைன்மென்ட் செய்திகளையும் பணம் வந்த வங்கிப் பதிவுகளையும் அழிக்காமல் வையுங்கள்.

பொதுக் கருவிகள். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 70-200 லென்ஸைச் சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்காகத்தான் பொதுப் பெட்டி வைத்திருக்கிறோம். அதற்கு ஆண்களைவிடப் பெரிய எதிரி ஃபங்கஸ் என்ற பூஞ்சை. காற்றில் ஈரம் 60 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் கண்ணாடியின் உட்புறம் சிலந்தி வலை போலப் படரும், பூச்சை அரிக்கும், துடைத்தாலும் தழும்பு நிற்கும். தேவாலா மழையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அலமாரிக்குள்ளும் அந்த ஈரம் இருக்கும். தோல் உறையில் வைத்தால் இன்னும் மோசம், தோலே ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகா டப்பா, ஈரமானி, சிலிகா ஜெல் இவை போதும். முள் 40க்கும் 50க்கும் இடையே நிற்க வேண்டும். 30க்குக் கீழே போனால் ரப்பர் காயும். நீலக் குருணை இளஞ்சிவப்பாக மாறினால் ஜெல் நிறைந்துவிட்டது, 120 டிகிரி சூட்டில் ஓவன் அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால் நீலம் திரும்பும். அரிசி போட்டு வைப்பதை நிறுத்துங்கள், தூசிதான் மிச்சம். தலைகுந்தாவில் உறைபனி எடுத்துவிட்டு வீட்டுக்குள் வரும்போது, கேமராவை வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடிவிட்டு, உள்ளே வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் சென்சார் வரை வேர்த்துவிடும்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்று எடுக்க வசதியாக இரண்டு படி மடக்கு ஸ்டூல் கேட்டிருந்தீர்கள். வாங்கியாயிற்று. உதகை–கூடலூர் 50 கி.மீ. வழியில் கழிப்பறை இருக்கும் இடங்களின் பட்டியலும் தயார், வாசலில் வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலுவையில் இருப்பது: படத்துக்குப் பெயர் போடக் கோரும் கடிதம் எல்லா அலுவலகங்களுக்கும் போயிருக்கிறது, சிலரிடமிருந்து பதில் இல்லை. பதில் வராத இடங்களுக்கு நேரில் போகத் தாலுகாவுக்கு இருவர் பெயர் கொடுக்க வேண்டும். பொதுப் பெட்டியின் பெரிய லென்ஸ் படகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்குப் போனது, இன்னும் வரவில்லை. வைத்திருப்பவர் மே முடிவதற்குள் தயவுசெய்து கொண்டுவந்து சேர்க்கவும். தோல் உறையில் இருந்தால் இன்றே எடுத்து வெளியே வைக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்