வளைகாப்புக்கு நான் மட்டும் போகிறேன்

அன்புள்ள செந்தில்,

போனில் கேட்டால் "ஓகேம்மா, மேனேஜ் பண்றோம்" என்பதோடு முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் நடுவில் "இரும்மா, ஆபீஸ் கால் வருது" என்று வைக்க முடியாது. அப்பா தூங்கிவிட்டார். காலையில் தபாலில் போடுவதற்கு முன்னால் அவரும் படிப்பார், படிக்கட்டும்.

முதலில் மருத்துவ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கரு இப்படிக் கலைந்துபோனதில் நித்யா ராத்திரியெல்லாம் எதைப் போட்டுக் குழப்பிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். லேபர் வார்டில் நான் நர்ஸாக இருந்த காலமெல்லாம் கேட்ட கேள்விதான். "அன்னிக்குத் தண்ணிக் குடம் தூக்கினேன் சிஸ்டர், அதனாலயா?" "ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து போனேனே, அதனாலயா?" "பப்பாளி ஒரே ஒரு துண்டு..." எதனாலும் இல்லை. முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதி, சில கணக்குகளில் அதற்கும் மேல், குரோமோசோம் எண்ணிக்கை கூடியோ குறைந்தோ போனதால் கலைகின்றன. விந்தும் முட்டையும் சேரும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிற விஷயம் அது. கர்ப்பம் என்று உறுதியான பிறகும் 100க்கு 10 முதல் 20 வரை இப்படிக் கலைகின்றன. எட்டாவது வார ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றார்களே, முந்தின நாள் அவள் மாடிப்படி ஏறியதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கரு வைத்த பிறகு படுத்தே கிடந்திருந்தால் தங்கியிருக்குமோ என்று யோசிக்கிறாளா? அதையும் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள், படுக்கையில் கிடப்பதால் பலன் இல்லை.

அடுத்தது இந்த "டென்ஷன் ஆகாதே, மனசை லேசா வச்சுக்கோ, தானா நிக்கும்". உன் சித்தி வாரத்துக்கு ஒரு தடவை எனக்கே இதைச் சொல்கிறாள். 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. ஐவிஎஃப் போன்ற டெஸ்ட் டியூப் சிகிச்சைக்குப் போன 3,500க்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கு. சிகிச்சைக்கு முன்னால் எவ்வளவு கவலையில் இருந்தார்கள் என்பதற்கும் அந்தச் சுற்றில் கரு தங்கியதா இல்லையா என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. ஆகவே நித்யா அழட்டும், கோபப்படட்டும், சீரியல் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும். கவலைப்படுகிறோமே என்று தனியாக வேறு கவலைப்பட வேண்டாம்.

இனி உன் விஷயம். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் வார்டுக்கு வெளியே நீளமான வராண்டா ஒன்று உண்டு. உள்ளே மனைவிக்கு கரு கலைந்து சுத்தம் செய்துகொண்டிருப்போம். வெளியே புருஷன் ஃபிளாஸ்க்கும் வயர்கூடையுமாக நிற்பான். நான் எட்டிப் பார்த்தால் "சிஸ்டர், மாத்திரை வாங்கணுமா? ரத்தம் ஏத்தணுமா? டீ வாங்கிட்டு வரவா?" என்பான். ஏதாவது ஒரு வேலை கொடு என்று கெஞ்சுகிற முகம். அவனிடம் "நீ எப்படிப்பா இருக்கே" என்று கேட்கிறவர் யாரும் கிடையாது. கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்பான். நீயும் இப்போது அந்த வராண்டாவில்தான் நிற்கிறாய். எந்த ஊசி என்றைக்கு, எந்த பில் எவ்வளவு என்று எக்ஸெல்லில் போட்டு வைத்திருக்கிறாய். சமத்துதான், ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் நித்யா அன்றைக்கு என்னிடம் சொன்னாள், "அவருக்கு ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கார் அத்தை, எனக்கு மட்டும்தான் போச்சு போல இருக்கு." நீ அவளுக்காகத் தைரியமாக இருக்கிறாய். அவளுக்கோ தான் மட்டும் தனியாக அழுவதாகத் தெரிகிறது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழாதே. அவள் முன்னால் அழு. அதனால் வீடு இடிந்துவிடாது. அவளும் உன்னைத் தேற்றுவாள். தேற்றுகிற வேலை கிடைத்தால் அவளுக்கும் கொஞ்சம் நல்லதுதான்.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாமல் கேள். மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தியில் உன் அத்தை, "அவளுக்கு என்னதான் குறையாம்?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். உன் ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கை குறைவு, அதற்காகத்தான் ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துகிற இக்ஸி செய்தார்கள் என்பது உனக்குத் தெரியும், எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். நீ இலையைப் பார்த்துக்கொண்டு ரசம் கேட்டாய். நித்யா ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். இந்தச் சிகிச்சை வினோதமானது செந்தில். குறை யாரிடம் இருந்தாலும் ஊசி அவளுக்குத்தான், மயக்க மருந்தும் அவளுக்குத்தான், பேச்சும் அவளுக்குத்தான். உன் ரிப்போர்ட்டை மைக் வைத்து ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் "இது எங்க ரெண்டு பேரு விஷயம் அத்தை, அவளைத் தனியா கேக்காதீங்க" என்று சொல்ல ரிப்போர்ட் எதற்கு? அடுத்த தடவை அதை நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நாத்தனார் சண்டையாகிவிடும்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தாயா? கருவைத் தாங்கக் கொடுக்கிற புரொஜெஸ்டிரோன் எண்ணெய் ஊசி தினமும் இடுப்பில் போட்டால் உள்ளே கட்டி கட்டியாகிவிடும். ஊசி நின்ற பிறகும் கரைய நாளாகும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். சிவந்து, சூடாக இருந்து, காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்புறம், கரு போன பிறகும் கர்ப்ப ஹார்மோன் சில வாரம் ரத்தத்தில் இருக்கும். குமட்டலும் மார்பு வலியும் உடனே போகாது. உடம்பு இன்னும் கர்ப்பம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும், மனசுக்கு மட்டும் விஷயம் தெரியும். அது பொல்லாத வாரங்கள். சட்டென்று எரிந்து விழுந்தால் பதிலுக்கு நிற்காதே. உங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் பழைய ஊசிப் பேனாக்கள் இன்னும் இருக்கிறதா? அவளைக் கேட்டுவிட்டு அப்புறப்படுத்து. கேட்காமல் எடுக்காதே. சிலருக்கு அதையெல்லாம் தொடவே பிடிக்காது, சிலருக்குத் தூக்கிப் போட மனசு வராது. அந்த ஸ்கேன் படத்துக்கும் இதே பேச்சுதான்.

நாலாம் நாளே காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாளாமே. எதற்கு? கரு கலைந்தால் அன்றிலிருந்து 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1961ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டத்திலேயே வந்துவிட்ட உரிமை. டாக்டர் சான்றிதழ் வாங்கி எச்ஆரிடம் கொடுத்தால் போதும், டீமில் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்க வேலையில் இருந்ததால் எங்களுக்கெல்லாம் இது தெரியும். உங்கள் கம்பெனிகளில் படித்த பிள்ளைகள்தான் உரிமை தெரியாமல் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

தை மாதம் சுகன்யாவுக்கு வளைகாப்பு. அத்தை பத்திரிகை அடிக்கும் முன்பே போன் செய்து, "நித்யாவைக் கண்டிப்பா கூட்டிட்டு வரச் சொல்லுங்க அண்ணி, சுகன்யா பக்கத்துல உக்கார வச்சு வளையல் போட்டா அவளுக்கும் அடுத்த வருஷம் நிக்கும்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் பக்கத்தில் காலம் காலமாகச் செய்வதுதான். ஆனால் மனையில் உட்காருகிறவள் நிலைமையை யோசித்துப் பார். இத்தனை பேர் பார்க்க, கர்ப்பிணிக்குப் பக்கத்தில், சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி, "சீக்கிரம் நல்ல சேதி சொல்லும்மா" என்று ஒவ்வொருத்தியாக வந்து கன்னத்தைத் தொடுவார்கள். சிரித்த முகமாக வேறு இருக்க வேண்டும். நித்யாவுக்கு லீவு இல்லை என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். நான் மட்டும் போகிறேன். சுகன்யாவுக்குப் புடவை உங்கள் பெயரிலேயே வாங்கிவிடுகிறேன். இதில் நித்யா குற்ற உணர்ச்சி அடைய வேண்டாம். சுகன்யாவின் சந்தோஷத்தில் பொறாமைப்படுகிறோமோ என்று அவள் தன்னையே சந்தேகப்படுவாள், நல்ல மனசுக்காரி. அது பொறாமை ஆகாது, வலிக்கிற இடத்தில் கை படாமல் பார்த்துக்கொள்வது.

திருக்கருகாவூர் நெய்ப் பிரசாதம் மூன்று பேர் கொண்டுவந்து கொடுத்து இங்கே பாட்டில் பாட்டிலாக இருக்கிறது. எனக்கு அம்பாள் மேல் நம்பிக்கை உண்டு, நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனாலும் 48 நாள் கணக்கு வைத்துச் சாப்பிட்டு, ஒரு நாள் விட்டுப்போனதால்தான் தங்கவில்லை என்று இன்னொரு பழி அவள் தலையில் ஏறுவதை நான் விரும்பவில்லை. அவளாகக் கேட்டால் அனுப்புகிறேன். கேட்காவிட்டால் இங்கேயே இருக்கட்டும், கர்ப்பரட்சாம்பிகை கோபித்துக்கொள்ள மாட்டாள். "ஒரு பிள்ளையைத் தத்து எடுத்தா தானா வயித்துல தங்கும்" என்று ஒரு கூட்டம் சொல்கிறதே, அதைக் காதிலேயே வாங்காதீர்கள். தத்தெடுப்பதானால் அந்தக் குழந்தைக்காக எடுக்க வேண்டும். அது வைத்தியம் கிடையாது.

அடுத்த சுற்று எப்போது என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்ததாகச் சொன்னாய். இரண்டு கரு உறைநிலையில் இருக்கிறது அல்லவா? 2021 சட்டப்படி 10 வருஷம் வரை வைத்திருக்கலாம். அவளுக்கு வயது 33. சில மாதம் பொறுத்தால் குடி முழுகிவிடாது. உடம்புக்கு எப்போது சரி என்பதை டாக்டர் சொல்லட்டும். மனசுக்கு எப்போது சரி என்பதை நித்யாதான் சொல்ல வேண்டும், நீயோ நானோ அல்ல. அப்பா அந்த வாய்க்கால் கரை நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்றார். பணம் வேண்டுமானால் கேள், தருகிறோம். ஆனால் எங்கள் பணத்தை வாங்கிவிட்டோமே என்பதற்காக இன்னொரு தடவை போகாதீர்கள். இன்னும் எத்தனை தடவை, எவ்வளவு பணம் என்று இரண்டு பேரும் மனசு அமைதியாக இருக்கிற ஒரு நாளில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோற்ற மறுநாள் பேசினால் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றுதான் வாயில் வரும். நிறுத்திவிடலாம் என்று தோன்றினால் நிறுத்துங்கள். பேரன் பேத்தி பார்க்க எங்களுக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த ஆசையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அது உங்கள் கணக்கில் கடனாக நிற்க வேண்டாம்.

1978இல் இங்கிலாந்தில் ஓல்டம் என்ற ஊரில் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை பிறந்தது உனக்குத் தெரியும். அந்த விஞ்ஞானி எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசுகூடக் கொடுத்தார்கள். 1969 முதல் அந்த முயற்சியில் சேர்ந்த பெண்கள் 282 பேர் என்று பிற்பாடு பழைய குறிப்புகளை எடுத்து எண்ணியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேருக்குத்தான் குழந்தை கிடைத்தது. மற்ற அத்தனை பேரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் மறுநாள் சமைத்திருப்பார்கள், வேலைக்குப் போயிருப்பார்கள், யாருக்கும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். பேப்பரில் குழந்தை படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வரும்.

நித்யா சாப்பிடுவதும் தூங்குவதும் இரண்டு வாரத்துக்கு மேல் சரியில்லை என்றாலோ, இருந்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி பேசினாலோ, "சரியாப் போயிடும்" என்று இருந்துவிடாதே. மனநல மருத்துவரிடம் கூட்டிப் போ. ராத்திரி நேரத்தில் உடனே பேச வேண்டுமென்றால் 14416, அரசாங்கத்தின் டெலி மனஸ், காசு கிடையாது, தமிழில் பேசலாம். அந்த எண் உனக்கும்தான். பிரசவத் தேதி என்று ஆனி மாதத்தில் ஒரு நாள் சொன்னார்களே, அதைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு அன்றைக்கு இரண்டு பேரும் லீவு போடுங்கள். அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இருக்கும். நீ மறந்துவிட்டாய் என்று தெரிந்தால் தாங்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் பார்சல் போடுகிறேன். பருப்புப் பொடி, நார்த்தங்காய், அவளுக்குப் பிடித்த தட்டை. சனிக்கிழமை காலையில் நீயே போய் வாங்கிக்கொள், ஆள் விட்டு வாங்காதே, போன தடவை பாட்டில் உடைந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நித்யாவைப் பேசச் சொல்லிப் போனைக் கையில் திணிக்காதே. தோன்றும்போது அவளே பேசுவாள்.

அன்புடன்,
அம்மா