பசங்களின் த்ரில்லரை யாரிடம் சொல்லிப் பார்ப்பது?

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள சேது,

உன் கடிதமும் பசங்கள் எழுதிய ஒரு பக்கக் கதையும் வந்தன. இரவு பத்து மணி லோக்கல் ரயில், லேடீஸ் பெட்டி, கேட்பாரற்ற பைக்குள் அடிக்கும் செல்போன், தாதரில் தொடங்கிக் குர்லாவுக்குள் முடிகிற கதை, கடைசியில் பூக்காரம்மாதான் குற்றவாளி. 12 நிமிடப் படத்துக்கு அளவான கரு. எடுப்பதற்கு முன் நாலு பேரிடம் சொல்லிப் பார்க்க நினைப்பதும் சரிதான். ஆனால், "தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லுங்கள் என்றிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதை இன்றே நிறுத்து.

த்ரில்லருக்கு ஒரு ஆள் ஒரு தடவைதான் பயன்படுவார். குற்றவாளி யாரென்று தெரிந்தவரிடம், திருத்திய கதையைத் திரும்பச் சொல்லி என்ன பிரயோஜனம்? அதனால் கதை தெரியாத ஆட்களை எண்ணிச் செலவழிக்க வேண்டும். 30 பேர் கிடைப்பார்கள் என்று வைத்துக்கொள். எட்டு எட்டாக மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே கதையைத் திருத்த வேண்டும். மீதி ஆறு பேரைத் தொடவே கூடாது. ரஃப் கட், அதாவது படத்தின் முதல் தோராயத் தொகுப்பு, தயாரான பிறகு, அதைப் போட்டுக் காட்ட அவர்கள்தான் மிஞ்சுவார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கதைச் சுருக்கம் போட்டால் ஒரே ராத்திரியில் எல்லாருக்கும் கதை தெரிந்துபோகும். அங்கே தலைப்புக்கும் போஸ்டருக்கும் மட்டும் ஓட்டுக் கேட்கட்டும்.

சொல்லும் முறையும் முக்கியம். நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த பையன் சொன்னால் ஓட்டைகூடத் தெரியாது. கேட்பவர் அவன் குரலுக்கே பயந்துவிடுவார். கதையைப் போனில் பதிவு செய்து, எட்டுப் பேருக்கும் அதே பதிவையே போடுங்கள். மூன்று இடங்களில் நிறுத்துங்கள்: பை கண்ணில் பட்டதும், போனை எடுத்ததும், உண்மை வெளிப்படுவதற்குச் சற்று முன்னும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார்மேல் சந்தேகம், ஐந்துக்கு எத்தனை நிச்சயம் என்று தாளில் எழுதி வாங்க வேண்டும். வாயால் கேட்காதே. சத்தமாகப் பேசுகிற ஒருவர் "பூக்காரம்மாதான்" என்றால், மற்ற ஏழு பேரும் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

தாள்களைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது இதுதான். முதல் நிறுத்தத்திலேயே ஐந்தாறு பேர் பூக்காரம்மாவை எழுதினால் துப்பு அதிகம். கடைசி நிறுத்தம்வரை ஒருவர்கூட எழுதவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம், முடிவைக் கேட்ட பிறகு, "எந்த இடத்தில் நமக்கு இது தெரிந்திருக்கலாம்?" என்று கேளுங்கள். ஓர் இடமும் ஞாபகம் வரவில்லை என்றால் கதை அவர்களை ஏமாற்றியிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் இரண்டு மூன்று பேர் சந்தேகப்பட்டு, பிறகு மனம் மாறி, கடைசியில் "அடடா" என்றால் துப்பு சரியான அளவில் இருக்கிறது.

"நல்லா இருக்கா?" என்ற கேள்வியே வேண்டாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆமாம் என்பார்கள். மறுநாள் போன் செய்து, "கதையை உங்க பாணியில சொல்லுங்க" என்று கேட்பது எவ்வளவோ மேல். அவர்கள் விட்டுவிடுகிற காட்சி படத்துக்கும் வேண்டாம். தப்பாகச் சொல்கிற இடம் எழுத்தில் குழப்பமாக இருக்கிறது. "போலீஸ்காரரையே வில்லனாக்குங்க" என்று யோசனை சொல்பவர்களும் இருப்பார்கள். யோசனையை விட்டுவிட்டு, எந்த வரியில் அவருக்கு அலுத்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்.

இன்னொன்று, இது மும்பைக்காரனாகச் சொல்வது. மதுரையில் மட்டும் கேட்டால் போதாது. இங்கே முதல் கேள்வியே "வண்டி ஃபாஸ்டா, ஸ்லோவா?" என்பதாக இருக்கும். ஸ்லோ என்றால் தாதரை விட்டதும் மாட்டுங்கா, சயான் என்று நிற்கும். கதாநாயகி இறங்கிப் போய்விடலாம். ஃபாஸ்ட் என்றால்தான் குர்லாவரை மாட்டிக்கொள்வாள். "அபாயச் சங்கிலியை ஏன் இழுக்கல?" என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் கதையில் பதில் இல்லை. லோக்கலில் ஏறியே இராதவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது, ஆனால் லேடீஸ் பெட்டி என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் நாலு பேர் இங்கே, நாலு பேர் அங்கே.

வெறும் கருவுக்குக் காப்புரிமை கிடையாது. எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. வெளியாட்களிடம் போவதற்கு முன் காட்சி வாரியாக எழுதித் தேதி போட்டு வைக்கட்டும். இங்கே அந்தேரியில் இருக்கும் திரை எழுத்தாளர்கள் சங்கமான ஸ்க்ரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினரானால் ஸ்கிரிப்டைப் பதிவும் செய்துகொள்ளலாம்.

இங்கே நாலு பேரை நான் பிடித்துத் தருகிறேன். தாராவியிலிருந்து தினம் லோக்கலில் போய்வருகிற இரண்டு பெண்கள் அதில் கட்டாயம் இருப்பார்கள். ஃபாஸ்ட், சங்கிலி இரண்டையும் சரிசெய்த பிறகு பதிவை அனுப்பு. முடிவைத் தனிக் கோப்பாக வை, தவறியும் யாரும் முன்னாலேயே கேட்டுவிடக் கூடாது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை, அதையும் எழுது.

அன்புடன்,
ராமு