மீட்புச் சொற்கள் முன்பே எழுதி வந்த வாலட் கருவிகள் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோலாலம்பூர்.

அனுப்புநர்
கைப்பேசிக் கடை உரிமையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.

பொருள்: யாரோ ஏற்கெனவே தொடங்கி வைத்த வன்பொருள் வாலட்டை விற்றது, பணத்தைத் திருப்பித் தர மறுத்தது, மற்ற வாடிக்கையாளர்களை எச்சரிக்காமல் இருப்பது.

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் இணையக் கடையில் நான் வாங்கிய வன்பொருள் வாலட் (பிட்காயின் போன்ற கிரிப்டோ பணத்தின் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் சிறு கருவி), ஒருவர் கைபட்ட நிலையில் வந்து சேர்ந்தது. உங்கள் சேவைப் பிரிவிடம் சொன்னபோது, "வாடிக்கையாளர் வசதிக்காக நாங்களே செட் பண்ணித் தருகிறோம்" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பெட்டியைப் பிரித்த பிறகு முடியாது என்றார்கள். இந்த இரண்டு பதிலையும் என்னால் ஏற்க முடியாது. என் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இதில் இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

பெட்டியில் கண்டதை அப்படியே சொல்கிறேன். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் ஓர் ஓரமாக வெட்டப்பட்டு, செலோடேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே கருவி, கேபிள், கையேடு, மீட்புச் சொற்களை எழுதி வைக்கும் அட்டைகள். அட்டைகளில் ஒன்று காலியாக இல்லை. 1 முதல் 24 வரை எண் போட்ட கட்டங்களில் நீலப் பேனாவால் ஒவ்வொரு சொல்லும் நிதானமான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. 11-வது கட்டத்தில் ஒரு சொல்லைத் தப்பாக எழுதி, அடித்து, பக்கத்தில் திருத்தியிருக்கிறார்கள். கருவியை முதன்முறை சொருகினால் புதிய வாலட் உருவாக்கலாமா என்று அது கேட்க வேண்டும். இது கேட்கவில்லை. நேரே பின் நம்பரைக் கேட்டது. அந்த நம்பரும் கையேட்டுக்குள் மடித்து வைத்த துண்டுச் சீட்டில் இருந்தது. அதே கையேட்டின் முதல் பக்கத்தில், சொற்கள் ஏற்கெனவே எழுதி வந்தால் அந்தக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்று தயாரித்தவர்களே அச்சடித்திருக்கிறார்கள்.

உங்கள் தரப்பில் என்னிடம் பேசியவர்கள் யாருக்கும் இதன் பொருள் புரிந்ததாகத் தெரியவில்லை. அதனால் நானே விளக்க வேண்டியிருக்கிறது. பிட்காயின் கருவிக்குள் இருப்பதில்லை, பிளாக்செயினில், அதாவது உலகெங்கும் பல கணினிகளில் பதிவாகும் பொதுக் கணக்கேட்டில் இருக்கிறது. அதை அசைக்கிற அதிகாரம் தனிச்சாவிகள் எனப்படும் ரகசிய எண்களிடம் இருக்கிறது. அந்தச் சாவிகள் அத்தனையும் இந்த 24 சொற்களிலிருந்து பிறக்கின்றன. பிப்-39 என்ற முறைப்படி 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல்தான் உலகில் பெரும்பாலும் பயன்படுகிறது. கருவி தற்செயலாக உருவாக்கும் எண்ணிலிருந்து அந்தப் பட்டியலின் சொற்கள் வரிசையாக வருகின்றன. கடைசிச் சொல்லில் ஒரு பகுதி மட்டும் சரிபார்ப்புக்கானது. இப்படி வந்த 24 சொற்களை யாராலும் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எழுதினவருக்கு ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லையே. அவர் என் கருவியைத் தொட வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம், சுங்கை சிப்புட் பக்கம் வரவும் வேண்டாம். அதே சொற்களைத் தன் போனில் ஒரு வாலட் செயலியில் அடித்தால் போதும், என் பணம் அவர் பணம். பின் நம்பர் காப்பது கையில் இருக்கிற கருவியை மட்டுமே.

பூட்டு வாங்கப் போனால், கடைக்காரர் எல்லாப் பூட்டையும் தானே திறந்து பார்த்து, சாவிக்கு நகல் எடுத்த பிறகு நம்மிடம் கொடுத்து, "உங்கள் வசதிக்குத்தான்" என்றால் யாராவது வாங்குவோமா?

செட் பண்ணிய உங்கள் ஊழியர் திருடும் எண்ணத்தோடுதான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனதோடே செய்திருக்கலாம். ஆனால் அந்தச் சொற்களை அவர் படம் எடுத்தாரா, வேறொரு தாளில் எழுதினாரா, மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே எப்படித் தெரியும்? இதுவரை எதுவும் காணாமல் போகவில்லை என்பதும் ஓர் அத்தாட்சி ஆகாது. சொற்களை வைத்திருக்கிறவர் இருப்பு பெருகட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருக்கலாம். வங்கிக் கணக்கில் மோசடி என்றால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்குப் போன் செய்கிறோம். முடக்கிவிடவாவது ஒரு வழி இருக்கிறது. பிளாக்செயினில் போன பணத்தைத் திருப்பிக் கூப்பிட எந்த நம்பரும் கிடையாது.

நான் விடாமல் கேட்டபோது, "சரி, ரீசெட் பண்ணிவிட்டுப் புதுச் சொற்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அடுத்த பதில் வந்தது. கை படாத கருவிக்கு அது சரியான யோசனை. பிரித்து ஒட்டிய பெட்டியில் வந்த கருவிக்கு அது போதாது. 2023-இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், ட்ரெஸர் என்ற வன்பொருள் வாலட்டின் போலி ஒன்றைப் பிரித்து ஆராய்ந்து எழுதியது. ஹோலோகிராம் ஸ்டிக்கர் எல்லாம் ஒழுங்காகவே இருந்ததாம். உள்ளே மென்பொருளை மாற்றி, புதிதாக உருவாக்குவதுபோலக் காட்டிவிட்டு, முன்கூட்டியே வைத்திருந்த 20 சொல்தொடர்களில் ஒன்றைத்தான் அந்தக் கருவி கொடுத்தது. வாங்கியவர் தன் கையாலேயே புது வாலட் உருவாக்கியதாக நினைத்துக்கொண்டிருப்பார். ஆகவே ரீசெட் என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. எனக்குப் பணம் திரும்ப வேண்டும், இல்லையென்றால் தயாரிப்பாளரிடமிருந்து நேரே வந்த, பிரிக்காத கருவி வேண்டும்.

அப்புறம் வந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். உங்கள் வாட்ஸ்அப் சேவையில் இருந்தவர், புகாரைப் பதிவு செய்ய அட்டையின் படத்தை, "சொற்கள் தெளிவாகத் தெரியும்படி" அனுப்பச் சொன்னார். நான் அனுப்பவில்லை. அந்த உரையாடலைப் படமெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். மீட்புச் சொற்களை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, வாலட் விற்ற கம்பெனியே கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று என் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். மோசடிக்காரர்கள் கம்பெனி ஊழியர்போலப் பேசித்தான் அந்தச் சொற்களைப் பிடுங்குகிறார்கள். உண்மையான கம்பெனியே அதே வார்த்தைகளில் கேட்டால், நாளைக்கு ஒரு மோசடிக்காரன் உங்கள் பெயரில் கூப்பிடும்போது எங்கள் மக்கள் எதை வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பார்கள்?

எங்கள் மக்கள் என்று சும்மா சொல்லவில்லை. இந்த ஊரில் செம்பனைக் குலை லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் எனக்கு முன்பே உங்களிடம் இதே கருவியை வாங்கியிருந்தார். என் அட்டையைப் பார்த்ததும், "என்னோடதும் இப்படித்தானே வந்தது, அதான் முறைன்னு நெனச்சேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் போய் எடுத்து வந்த அட்டையை என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சொற்கள் வேறு. கையெழுத்து ஒன்று. அதே நீல மை. அவர் சேர்த்ததையெல்லாம் அந்த வாலட்டுக்கு மாற்றி வைத்திருந்தார். தோட்டத்தில் வேலை செய்த காலத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், பையனுடைய கல்லூரிப் படிப்புக்கு.

அன்று இரவே கடைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். செக்யூரிட்டிஸ் கமிஷனில் பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் இணையத் தளம்) ஒன்றில்தான் அவர் முதலில் பிட்காயின் வாங்கியிருந்தார். அங்கே இருந்த அவருடைய கணக்குக்கே எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்தோம். பணம் போய்ச் சேர வேண்டிய பிட்காயின் முகவரியின் முதல் எழுத்துகளையும் கடைசி எழுத்துகளையும் அவர் வாய்விட்டுப் படிக்க, நான் கருவியின் சின்னத் திரையில் ஒத்துப் பார்த்தேன். முதலில் ஒரு சிறு தொகை. பிட்காயினில் பரிமாற்றங்களை உறுதிசெய்யும் ஒரு பிளாக் (பதிவுத் தொகுதி) வரச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகும். அன்றைக்கு அதற்கும் மேலே ஆனது. அந்த அண்ணன் போன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. முதல் தொகை போய்ச் சேர்ந்தது தெரிந்த பிறகு மீதியை அனுப்பினோம். எல்லாம் வந்து சேர்ந்ததும் அவர் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டார், பேச முடியாமல் என்னிடம் நீட்டினார்.

அவர் பணம் தப்பியது. ஆனால் அதே பேனாவால் எத்தனை அட்டைகள் எழுதப்பட்டன? அவை யார் யார் வீட்டில் இருக்கின்றன? இது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வாங்கியவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் உங்களிடம் மட்டுமே இருக்கின்றன. இந்தக் கடிதத்தின் முக்கியமான கோரிக்கை இதுதான்: உங்களிடம் இந்தக் கருவியை வாங்கிய ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். சொற்கள் எழுதி வந்த அட்டையைப் பயன்படுத்தியிருந்தால், உடனே பணத்தை வேறு வாலட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். மின்னஞ்சல் மட்டும் போதாது. தோட்டப்புறத்தில் பலர் மின்னஞ்சலைத் திறந்தே பார்ப்பதில்லை. போன் செய்யுங்கள். தமிழிலும் மலாயிலும் பேசத் தெரிந்தவர்களை வைத்துப் பேசுங்கள். பேசும்போது யாரிடமும் அந்தச் சொற்களைக் கேட்காதீர்கள்.

அட்டையை எழுதியவரிடம் வாடிக்கையாளர் முகவரிகளும் இருந்திருந்தால், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் உங்களுக்குக் கடமை இருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். தரவுக் கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

பார்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டிக்கு மேலே ஒட்டிய தாளில் என் பெயர், போன் நம்பரோடு, உள்ளே இருப்பது கிரிப்டோ வாலட் என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. எனக்குக் கடை இருப்பதால் நேரே என் கைக்கு வந்தது. லயத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு அப்படி வராது. பார்சல் தோட்ட ஆபீஸில் கிராணி மேசையில் கிடக்கும், இல்லையென்றால் சாமான் கடையில் அரிசி மூட்டை மேல் கிடக்கும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிப்பார்கள். 2020-இல் வன்பொருள் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வீட்டு முகவரி வெளியே வந்தது. அதற்குப் பிறகு சிலருடைய வீட்டுக்குப் போலிக் கருவிகளே தபாலில் வந்தன. 2025 ஜனவரியில் அதே நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரைப் பிரான்சில் கடத்தி, விரலை வெட்டிப் பணம் கேட்டார்கள். யாரிடம் இந்தக் காசு இருக்கிறது என்பதே ஆபத்தான தகவல். அதை நீங்கள் பெட்டிக்கு மேல் எழுதி அனுப்புகிறீர்கள். வெறும் "மின்சாதனம்" என்று போட்டால் போதாதா?

நான் கேட்பவை இவை. நானும் லோரி ஓட்டும் அண்ணனும் கொடுத்த முழுப் பணமும், அஞ்சல் செலவோடு, திரும்ப வர வேண்டும். கருவிகளை யார் பிரித்தது, எப்போதிலிருந்து இப்படிச் செய்கிறீர்கள், அந்தச் சொற்களின் நகல் எங்கேயாவது இருக்கிறதா என்று எழுத்தில் பதில் வேண்டும். தயாரிப்பாளருக்கு இதைத் தெரிவித்ததற்கான ஆதாரமும் வேண்டும். இனிமேல் பிரிக்காத பெட்டியை மட்டுமே விற்க வேண்டும். செட் பண்ணத் தெரியாதவர்களுக்கு உதவ நினைத்தால் நல்லதுதான், வரவேற்கிறேன். அதற்குத் தமிழிலும் மலாயிலும் ஒரு தாள் அச்சடித்துப் பெட்டியில் வையுங்கள்: சொற்களை நீங்களே கருவியில் உருவாக்குங்கள், தாளில் எழுதுங்கள், போனில் படம் எடுக்காதீர்கள், கூகள் டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ வைக்காதீர்கள், ஒவ்வொரு சொல்லின் முதல் நான்கு எழுத்தும் தெளிவாக இருந்தால் போதும், இன்னொரு நகலை வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். இவ்வளவு எழுத அரைப் பக்கம்கூட ஆகாது.

இக்கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் பதில் வராவிட்டால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிவு செய்வேன். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞரும் தேவையில்லை. மற்ற வாடிக்கையாளர்களை எச்சரிக்கும் விஷயத்தில் மட்டும் என்னால் 14 நாள் காத்திருக்க முடியாது. அதை இந்த வாரத்துக்குள் தொடங்கிவிட்டீர்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் போலீசில் புகார் கொடுப்பேன்.

வாங்கிய ரசீதுகள், வெட்டி ஒட்டிய உறை, பின் நம்பர் சீட்டு, இரண்டு அட்டைகள் ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். அட்டைகளில் சொற்களை மறைத்து, கையெழுத்து தெரிய வேண்டும் என்பதற்காக முதல் சொல்லை மட்டும் விட்டிருக்கிறேன். இரண்டு கருவிகளும் அசல் அட்டைகளும் என் கடையில் உறையிட்டுப் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. தபாலில் அனுப்ப மாட்டேன். உங்கள் ஊழியர் அடையாள அட்டையோடு நேரில் வந்து, நாங்கள் இருவரும் இருக்கும்போது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். வருவதற்கு முதல் நாள் சொன்னால் போதும். அந்த அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு, அதனால் ஞாயிறு காலையாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.