சட்டியில் இன்னும் ஈயம்

குன்னூர்,
நவம்பர் 9

அன்புள்ள மாணிக்கம்,

கடிதமும் நீ வார்த்த துப்பாக்கிக் குண்டுகளின் படங்களும் கிடைத்தன. டெக்சாஸில் மகன் வீட்டு கராஜில் உட்கார்ந்தும் ஈயம்தான் காய்ச்சுகிறாய் என்றால் அச்சகத்தை விட்டு நீ எங்கே போனாய்? இங்கே ஐப்பசி மழை விடவில்லை. தீப்பெட்டிகூட நமுத்துக் கிடக்கிறது.

நூறு கெஜத்தில் ஐந்து குண்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகின்றன என்கிறாய். வெடிமருந்துக் கணக்கெல்லாம் அருவங்காடு கார்டைட் ஆலை ஆட்களின் சமாசாரம், எனக்குத் தெரியாது. புத்தகத்தில் போட்ட அளவைத் தாண்டாதே, அவ்வளவுதான். ஆனால் ஈயம் நமக்குத் தெரியும்.

படத்தில் ஒரு குண்டின் வயிற்றில் சுருக்கம் இருக்கிறது. குண்டு வார்க்கும் அச்சு சூடேறவில்லை. முதலில் வருகிற பத்துப் பதினைந்தைத் திரும்பச் சட்டியிலேயே போடு. ஜனவரியில் ஊட்டிப் புல்லில் படியும் உறைபனி மாதிரி மேலே வெளுத்திருந்தால் சூடு கொஞ்சம் அதிகம், அதனால் பெரிய கெடுதல் இல்லை.

அச்சுக்கோக்கும் லைனோடைப் இயந்திரத்தின் ஈயம் கிடைத்ததென்று துள்ளுகிறாய். நூற்றுக்கு 84 ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். சுத்த ஈயம் உருக 327 டிகிரி வேண்டும், இது 240-லேயே தண்ணீராகிவிடும். ஆன்டிமனி கடினம் தரும், வெள்ளீயம் மூலைமுடுக்கெல்லாம் ஓடவைக்கும். சரி, ஆனால் கடினமாக இருந்தால் நேராகப் போகும் என்கிறாயே, அதுதான் இடிக்கிறது. குண்டு குழலுக்கு ஒல்லியாக இருந்தால், எவ்வளவு கடினமானாலும் பின்னாலிருந்து வரும் சூட்டு வாயு பக்கவாட்டில் புகுந்து அதை அரித்து, குழல் முழுக்க ஈயத்தைப் பூசிவிடும். காலித் துப்பாக்கியின் குழலில் எண்ணெய் தடவிய சுத்த ஈயத் துண்டு ஒன்றைத் தட்டி வெளியே தள்ளி, மைக்ரோமீட்டரில் அளந்து பார், குழலின் உள்ளளவு தெரியும். குண்டு அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பாக இருக்கட்டும்.

குண்டின் மூக்கில் சின்னப் பள்ளம் இருந்தால் போகட்டும். அடி விளிம்பு மழுங்கியிருந்தால் கழித்துவிடு. அச்சகத்து ஈய டைப்பின் கால் கோணினால் முகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எழுத்து ஏறி இறங்குமே, அதே கதை. எல்லாவற்றையும் தராசிலும் வை. உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் எடைதான் காட்டிக்கொடுக்கும். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்று. நீயோ ஈயம், மருந்து, குண்டில் பூசும் மெழுகு மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டு எது கெடுத்தது என்று என்னைக் கேட்கிறாய்!

ஈரம் ஜாக்கிரதை. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு பழைய டைப்பையெல்லாம் உருக்கினோமே, நினைவிருக்கிறதா? ஒழுகின கூரைக்குக் கீழே கிடந்த ஒரு டைப் கேஸை அப்படியே சட்டியில் கொட்டினேன். ஈயம் உத்தரம் வரை எகிறியது. மணிக்கட்டுத் தழும்பு குளிர்காலத்தில் இன்னும் இழுக்கிறது. கராஜ் கதவைத் திறந்து வைத்துக் காய்ச்சு. கை கழுவாமல் காபி டம்ளரைத் தொடும் பழக்கத்தையும் விடு.

அன்றைக்கு யானைத் தும்பிக்கை ‘லை’ ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாயே, அது இருக்கிறதா, அதையும் உருக்கிச் சுட்டுவிட்டாயா?

உன்,
கோபால்